தவிலுக்கு மெல்லிய குரலும் உண்டு

இன்று இரவு ஏதாவது ஒரு சீரியலில் கல்யாணக் காட்சி வந்தால், படத்தைப் பார்க்காமல் தவிலை மட்டும் கேளுங்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு மேளம், பெண் மணவறைக்கு நடந்து வரும்போது பின்னணியில் ஒரு மேளம், தாலி கட்டும்போது கெட்டிமேளம். மூன்றும் ஒரே அடிதான். ஒன்றில் சத்தம் கூட, ஒன்றில் குறைச்சல். அதற்கு மேல் வித்தியாசம் கிடையாது. காரணம், அங்கே யாரும் தவில் வாசிக்கவில்லை. யாரோ ஒரு வித்வான் எப்போதோ ஓங்கி அடித்த நாலைந்து தட்டுகளைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு, ஒருவர் கீபோர்டில் விரலால் தட்டிக்கொண்டிருக்கிறார்.

அந்த ஒருவர் என்னைப் போன்ற ஆள். வடபழனியில் ஒரு மாடி அறையில் இருபது வருஷத்துக்கு மேலாக இதுதான் பிழைப்பு. சினிமா, சீரியல், விளம்பரம், பக்திப் பாட்டு, தேர்தல் வந்தால் கட்சிப் பாட்டு. கீபோர்டு புரோகிராமர் என்று எங்களைச் சொல்வார்கள். சொந்த ஊர் கும்பகோணத்துக்குப் பக்கம். அப்பா சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். கோயில் கச்சேரிக்கு மைக் கட்டும்போது நாகஸ்வரத்துக்கு ஒன்று வைப்பார், தவிலுக்கு வைக்கமாட்டார். “அதுக்கு எதுக்குடா மைக்கு?” என்பார். ஆனால் நாகஸ்வரக்காரர் ஆலாபனையில் மூச்சு வாங்க நிறுத்தும் இடத்தில், தவில்காரர் வலது கை விரல்களால் பூப்போல ஒரு சின்னச் சொல்லை வாசித்து விடுவார் பாருங்கள், அது கூட்டத்துக்கும் கேட்க வேண்டுமென்று அந்த நாகஸ்வர மைக்கையே கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி வைப்பார். தவில் என்றால் காதைக் கிழிக்கும் வாத்தியம் என்று நினைக்கிறவர்களுக்கு அந்த இடம் தெரியாது. நாங்கள் வைத்திருக்கும் சாம்ப்ளர்களுக்கும் தெரியாது. என் புகார் அதுதான்.

சாம்ப்ளர் ஒன்றும் மாயமந்திரம் இல்லை. ஒரு வாத்தியத்தின் ஒலிகளைத் தனித்தனியாகப் பதிந்து, கீபோர்டின் கட்டைகளில் ஒவ்வொன்றாக மாட்டிவைப்பதுதான். கட்டையை அமுக்கினால் பதிவு ஒலிக்கும். 1979-ல் சிட்னியில் பிறந்த ஃபேர்லைட் என்ற இயந்திரம் இதை டிஜிட்டலில் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, பெரிய பாடகர்களும் பெரிய ஸ்டூடியோக்களும்தான் அதை வாங்க முடிந்தது. இப்போது லேப்டாப்பில் ஒரு மென்பொருள் அதைவிடப் பல மடங்கு செய்கிறது. பெர்லின்காரர்கள் 2002-ல் கொண்டுவந்த கான்டாக்ட் எங்கள் தெருவில் எந்த ஸ்டூடியோவுக்குப் போனாலும் இருக்கும். இலவசமாகக் கிடைக்கும் சாம்ப்ளர்களும் உண்டு.

கட்டையை எவ்வளவு பலமாகத் தட்டினோம் என்பது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிகிறது? 1983-ல் வந்த மிடி என்ற ஏற்பாட்டில் அதற்கு ஒரு எண் உண்டு. கட்டைக்கு அடியில் இரண்டு தொடுமுனைகள் இருக்கும். முதலாவதைத் தொட்டதற்கும் இரண்டாவதைத் தொட்டதற்கும் நடுவே ஆன நேரத்தை அளந்து, கட்டை இறங்கிய வேகத்தை 1 முதல் 127 வரை ஒரு எண்ணாக அது சொல்லிவிடும். வெலாசிட்டி என்று பெயர். 0 வந்தால் கையை எடுத்துவிட்டோம் என்று அர்த்தம்.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரே பதிவை வைத்துக்கொண்டு எண்ணுக்கேற்ப வால்யூமை ஏற்றி இறக்கலாம். நம் வாத்தியங்களுக்கு நடப்பது பெரும்பாலும் இது. இல்லாவிட்டால், அதே தட்டை மிக மெதுவாக, மெதுவாக, நடுத்தரமாக, அழுத்தமாக, ஓங்கி என்று தனித்தனியாக வாசிக்கச் சொல்லிப் பதிந்து, எண்ணுக்கேற்ற பதிவு ஒலிக்கும்படி அடுக்கலாம். இதைத்தான் வெலாசிட்டி லேயர் என்கிறோம். வேலை கூடுதல், செலவு கூடுதல். ஆனால் கத்துகிறவனின் குரலை வால்யூம் குறைத்துக் கேட்டால் அவன் ரகசியம் பேசுவதாக ஆகிவிடுமா?

தோல் வாத்தியத்தில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. சி.வி. ராமன் நோபல் வாங்குவதற்குப் பத்து வருஷம் முன்பே, 1920-ல், சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து நம் தோல் வாத்தியங்களைப் பற்றி ‘நேச்சர்’ இதழில் எழுதியிருக்கிறார். 1934-ல் இன்னும் விரிவாக எழுதினார். மிருதங்கத்தில் வலது கை வாசிக்கும் வலந்தலையின் நடுவே பூசும் கரணைதான், வெறும் தோலில் தாறுமாறாகக் கிளம்பும் மேற்சுரங்களை அடிப்படைச் சுரத்தின் முழு மடங்குகளாக வரிசைப்படுத்துகிறது என்று காட்டியவர் அவர். அந்த மேற்சுரங்கள் எல்லாம் எல்லா அடிக்கும் ஒரே அளவில் கிளம்புவதில்லை. ஓங்கி அடித்தால் மேலே உள்ளவை நிறையக் கிளம்பி ஒலி பளிச்சென்று விழும். தோல் ஒரு கணம் கூடுதலாக இழுபடுவதால் சுருதிகூட இம்மி ஏறி இறங்கும். மெல்லத் தொட்டால் ஒலி இருண்டு, உருண்டு வரும். இரண்டும் ஒரே தோலில் பிறந்த இரண்டு வேறு ஒலிகள். வால்யூம் குமிழைத் திருகி ஒன்றை இன்னொன்றாக்க முடியாது.

பியானோவுக்கு இதையெல்லாம் எப்போதோ செய்துவிட்டார்கள். சாலமாண்டர் என்று இலவசமாகக் கிடைக்கும் ஒரு பியானோ லைப்ரரி இருக்கிறது. யமஹா சி5 பியானோ ஒன்றை 16 லேயர் வைத்துத் தனியொருவர் பதிந்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டார். ஒரு கம்பெனியோ சர்க்காரோ செய்தது இல்லை. மேற்கத்திய டிரம் செட்டுக்கும் அப்படியே: ஸ்னேர் ஒன்றுக்கே பத்துப் பதினைந்து லேயர், லேயருக்கு ஏழெட்டுப் பதிவு என்று விற்கிறார்கள். நம் தவிலும் பறையும் உறுமியும் எங்கள் கைக்கு வரும்போது எப்படி வருகின்றன தெரியுமா? ‘இந்தியன் பெர்கஷன்’ என்ற ஃபோல்டரில், பல நேரம் பெயர்கூடத் தப்பாக, ஒரு தட்டுக்கு ஒரு பதிவு. இல்லாவிட்டால் முழுத் தாளமாக வாசித்து வெட்டி ஒட்டிய லூப். லூப்பை வைத்துக்கொண்டு பாட்டை அதற்கேற்ப வளைக்க வேண்டியதுதான். தாளம் நமக்கு வளையாது.

போன வருஷம் ஒரு படத்துக்காக நாங்களே ஒரு தவில் லைப்ரரி செய்துவிடலாம் என்று தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வித்வானை வரவழைத்தேன். வடபழனியில் ராத்திரி ஒரு மணிக்குத்தான் உலகம் அடங்கும். மெல்லிய அடியைப் பதியும்போது ஆட்டோ ஹாரன், பக்கத்து வீட்டு மோட்டார், ஏன், நம் மூச்சுகூட உள்ளே வந்துவிடும். ஏசியை நிறுத்தி, ஃபேனை நிறுத்தி, வேர்க்க வேர்க்க உட்கார்ந்தோம். மைக்கின் கெயினை ஒரு தடவை வைத்தால் வைத்ததுதான்; அதன் பிறகு கை வைக்கக் கூடாது. நடுவில் திருகினால் எது மெதுவான அடி, எது ஓங்கிய அடி என்ற உறவே கலைந்துவிடும்.

முதல் தட்டை ஓங்கி விட்டார். அறையே அதிர்ந்தது. “அண்ணே, இதையே கொஞ்சம் மெதுவா குடுங்க” என்றேன். குறைத்தார். “இன்னும் மெதுவா.” இன்னும் குறைத்தார். “இன்னும்.” கழியைத் தரையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“தம்பி, எனக்கு ரெக்கார்டிங் புதுசு இல்ல. எங்க போனாலும் இன்னும் ஓங்கி அடிங்க, இன்னும் ஓங்கி அடிங்கன்னுதான் சொல்லுவாங்க. மெதுவா வாசிங்கன்னு கேட்ட மொத ஆளு நீங்கதான்.”

பிறகு அவர் வாசித்த மெல்லிய அடியைக் கேட்டிருக்க வேண்டும். வலது கை விரல்களில் மாட்டியிருக்கும் கூடு தோலில் படும்போது ‘டிக்’கென்று ஒரு சின்ன முனை, அதன் பின்னாலேயே தோலின் கார்வை. ஓங்கி அடிக்கும்போது அந்த முனை ஒலியில் முங்கிப் போய்விடும். மெதுவாக வாசித்தால்தான் வெளியே வரும். இடது பக்கம் பூவரசங்கழியைத் தட்டாமல் தோலில் விழவிட்டு எடுத்தார். அது ஒரு குழைவு. இதெல்லாம் எங்கள் கம்ப்யூட்டரில் இருந்த எந்தத் தவிலிலும் கிடையாது. ஒவ்வொரு தட்டையும் மெல்லத் தொடங்கி ஏற்றிக்கொண்டே போய், பிறகு இறங்கி வரச் சொன்னேன். இறங்கி வரும்போது கிடைப்பதுதான் நல்ல மெல்லிய அடி. ஏறும்போது கை கொஞ்சம் தயங்கும். இறங்கும்போது கை சூடாகி, அடி எவ்வளவு சின்னதானாலும் உறுதியாக விழும்.

மிருதங்கத்தில் இன்னொரு தலைவலி உண்டு. இடந்தலையில் அப்பும் ரவை, நேரம் ஆக ஆகக் காய்ந்துகொண்டே வரும். முதல் மணியில் வாசித்த ‘தொம்’மும் மூன்றாவது மணியில் வாசித்த ‘தொம்’மும் வேறு. ஆகவே ஒரு தட்டின் எல்லா லேயரையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டுத்தான் அடுத்த தட்டுக்குப் போக வேண்டும். முதலில் எல்லாத் தட்டையும் மெதுவாக, பிறகு எல்லாவற்றையும் ஓங்கி என்று போனால், அடுக்கும்போது ஒவ்வொரு லேயரும் ஒரு சுருதியில் நிற்கும்.

பதிந்த பிறகு அடுக்கும் வேலை. இதில்தான் நம் பையன்கள் அவசரப்படுகிறார்கள். பதிவுகளை எல்லாம் ‘நார்மலைஸ்’ செய்து, அதாவது ஒரே உச்சத்துக்கு ஏற்றி வைத்துவிடுவார்கள். திரையில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் மெல்லிய அடியை அப்படித் தூக்கினால் கூடவே அறையின் இரைச்சலும் எழுந்து வரும். இன்னொரு கோளாறும் இருக்கிறது. பதிவுகளை இயல்பான அளவிலேயே விட்டுவிட்டு, சாம்ப்ளரின் வால்யூம் ஏற்பாட்டையும் முழுசாக விட்டு வைத்தால், ஏற்கெனவே மெதுவாக இருக்கும் அடியை அது இன்னொரு தடவை குறைக்கும். மெல்லிய லேயர் காதில் விழாமலே போகும். நான் அந்த ஏற்பாட்டைக் கால்வாசிக்குக் குறைத்து வைப்பேன். அறவே எடுத்துவிட்டாலும் தப்பு: ஒரு லேயருக்குள் 53-ம் 70-ம் ஒரே மாதிரி ஒலித்து, 71-ல் திடீரென்று படியேறும்.

127-ஐ லேயர் கணக்குக்குச் சமமாகப் பிரிப்பது அடுத்த சோம்பேறித்தனம். விரல் கீபோர்டில் சமமாக விழுவதில்லை. என் கை பெரும்பாலும் 50-லிருந்து 100-க்குள் புழங்குகிறது. அங்கேதான் லேயர்கள் நெருக்கமாக வேண்டும். ஆறு லேயர் இருந்தால் 1 முதல் 30 வரை ஒன்று, பிறகு 52 வரை, 70 வரை, 87 வரை, 108 வரை, அதற்கு மேல் ஓங்கிய அடி என்று வைக்கிறேன். வேறு கீபோர்டில், வேறு கையில் இது மாறும். எஸ்.எஃப்.இஸட். என்ற முறையில் இதெல்லாம் சாதாரண எழுத்துக் கோப்புதான். லோவெல் இத்தனை, ஹைவெல் இத்தனை என்று ஒவ்வொரு பதிவுக்கும் நேராக எண்ணைத் தட்டிக் கொடுத்தால் போதும். கம்ப்யூட்டர் படித்த எந்தப் பிள்ளையும் ஒரு சாயங்காலத்தில் கற்றுக்கொள்ளும். காசு கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டு லேயர் சந்திக்கும் இடத்தில் ஒன்றைக் கரைத்து இன்னொன்றை ஏற்றலாமா என்று கேட்பார்கள். இழுத்து வாசிக்கும் வயலினுக்குச் சரி. தோலுக்குக் கூடாது. இரண்டு பதிவு ஒரே நேரத்தில் ஒலித்தால் இரண்டு பேர் வாசிப்பது போலவோ, ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சத்தம் சப்பையாகவோ போகும். தோலுக்கு மாற்றம் வெட்டென்று இருக்க வேண்டும். அது தெரியாமல் இருக்க லேயர்கள் நெருக்கமாக இருக்க வேண்டும். பதிவின் தொடக்கத்தை வெட்டுவதிலும் கவனம் தேவை. மென்பொருளிடம் விட்டால் ஓங்கிய அடியைச் சரியாக வெட்டும். மெல்லிய அடி தயங்கித் தயங்கி எழும் என்பதால், ஒன்று அதன் மூக்கை அறுத்துவிடும், இல்லாவிட்டால் முன்னால் வெற்றிடத்தை விட்டுவிடும். வெற்றிடம் விட்ட லேயர் தாளத்தில் பிந்தும். மெதுவாக வாசிக்கும்போதெல்லாம் தவில்காரர் தூங்கி வழிவதுபோல் இருக்கும். இதற்கு மருந்து கிடையாது. ஒவ்வொரு பதிவையும் கண்ணால் பார்த்து, காதால் கேட்டு வெட்ட வேண்டியதுதான்.

ஒரே லேயரிலும் ஒரே பதிவு போதாது. வேகமாக உருட்டும்போது அச்சில் வார்த்த ஒரே ஒலி திரும்பத் திரும்ப வந்தால் காது உடனே பிடித்துவிடும். ஒவ்வொரு லேயரிலும் நாலைந்து பதிவு வைத்து, அவை மாறி மாறி வரும்படி செய்ய வேண்டும். ரவுண்ட் ராபின் என்போம். பத்துத் தட்டு, எட்டு லேயர், ஐந்து பதிவு என்றால் 400 பதிவு. ஒவ்வொன்றும் இரண்டு வினாடி, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் ஏறக்குறைய 230 எம்.பி. இன்றைய செல்போனில் ஒரு மூலைக்குக் காணாது. இடம் இல்லை, மெமரி இல்லை என்று சொன்ன காலம் மலையேறிவிட்டது. கும்கி மட்டும் இதில் அடங்காது. மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது இடந்தலையில், உள்ளங்கையை அழுத்தி நகர்த்திக் குழைப்பதை 127 எண்ணில் எதுவும் சொல்லாது. மிருதங்க வித்வான் பழநி சுப்பிரமணிய பிள்ளையின் தொப்பியைக் கேட்டவர்கள் எந்தச் சாம்ப்ளரையும் மதிக்கமாட்டார்கள். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

“மிக்ஸில் எல்லாம் கம்ப்ரஸ் ஆகி, கடைசியில் செல்போன் ஸ்பீக்கரில்தானே கேட்கப்போகிறார்கள், மெல்லிய லேயர் யார் காதில் விழும்?” என்று கேட்கும் சவுண்ட் இன்ஜினீயர் நண்பர்கள் எனக்கு உண்டு. செல்போனில் மிருதங்கத்தின் இடந்தலையே விழாது என்பது உண்மைதான். ஆனால் கம்ப்ரஸர் சமப்படுத்துவது சத்தத்தை மட்டும்தான். இருண்ட ஒலியை அது பளிச்சென்ற ஒலியாக்காது. மெதுவாக வாசித்த அடியை எவ்வளவு தூக்கி நிறுத்தினாலும் அது மெதுவாக வாசித்த அடியாகவே கேட்கும். சொல்லப்போனால், எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு நசுக்கும் இந்தக் காலத்தில்தான் லேயர்கள் இன்னும் அவசியம். சத்தத்தில் இல்லாத ஏற்ற இறக்கத்தை ஒலியின் நிறமாவது சொல்லட்டும்.

பறைக்கு வந்தால் இது தொழில்நுட்பக் குறை என்பதோடு நிற்காது. நெருப்பில் வாட்டி முறுக்கேற்றிய தோலில் அடிக்குச்சியால் ஓங்கி விழும் அந்த ஒரு அடிதான் எங்கள் லைப்ரரிகளில் பறை. சிண்டுக்குச்சி மட்டும் விளிம்பில் ஓடும் ஒலி இருக்காது, விரல் தொட்டு அடக்கும் ஒலி இருக்காது. ஆகவே சினிமாவில் சண்டை வந்தால் பறை, சாவு வந்தால் பறை, குத்துப்பாட்டு வந்தால் பறை. காதலுக்கும் தனிமைக்கும் பியானோ. ஒரு வாத்தியத்தைப் பற்றி ஊர் ஏற்கெனவே வைத்திருக்கும் தப்பபிப்பிராயத்தை, ஓங்கிய அடியை மட்டும் பதிந்து நாங்கள் உறுதிப்படுத்திக்கொண்டிருக்கிறோம். 2025-ல் பறைக்கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதே வருஷம் புதுச்சேரியின் தவில் கலைஞர் தட்சிணாமூர்த்திக்கும் கொடுத்தார்கள். விருது கொடுத்தது நல்ல காரியம். இவர்களைப் போன்ற கைகள் வாசிக்கும் மிக மெல்லிய அடி எப்படி ஒலிக்கும் என்று அடுத்த தலைமுறைக்கு எங்கே வைத்திருக்கிறோம்?

நல்ல லைப்ரரி வந்துவிட்டால் வித்வானை யார் கூப்பிடுவார்கள் என்ற கேள்வி நியாயமானது. அதைத் தட்டிக்கழிக்க நான் தயாராக இல்லை. மட்டமான சாம்பிளே ஏகப்பட்ட கால்ஷீட்டைத் தின்றுவிட்டது. நல்லது வந்தால் இன்னும் கொஞ்சம் போகும். அதனால்தான் சாம்பிள் பதிவுக்கு வழக்கமான கால்ஷீட் பணம் கொடுத்து அனுப்புவது அநியாயம் என்கிறேன். ஒரு பாட்டுக்கு வாசித்தால் அந்தப் பாட்டோடு முடிந்தது. சாம்பிளுக்கு வாசித்தால் அவருடைய கை அவர் இல்லாமலே எத்தனையோ பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருக்கும். ஜேம்ஸ் பிரவுனின் ‘ஃபங்கி டிரம்மர்’ பாட்டில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு வாசித்த சில வினாடி டிரம்ஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளில் வெட்டி ஒட்டப்பட்டது. பாட்டை எழுதியவர் என்ற இடத்தில் அவர் பெயர் இல்லாததால், ராயல்டியில் அவருக்கு உரிய பங்கு வரவில்லை. 2017-ல் இறந்துபோனார்.

நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் செய்த திருத்தம், நிகழ்த்துகிற கலைஞருக்கு வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உண்டு என்கிறது. ஒற்றைத் தட்டு ஒரு நிகழ்த்துதல் ஆகுமா என்று வக்கீல்கள் விடியவிடிய வாதாடலாம். ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லையே. லைப்ரரி விற்றால் இத்தனை சதவீதம், பெயர் அட்டையில் வர வேண்டும், இவருடைய கையை வேறு கம்பெனிக்கு விற்கக் கூடாது என்று ஒரு பக்கம் எழுதினால் போதும். மெல்லிய அடிக்குத்தான் அதிக நேரம், அதிகப் பொறுமை, அதிகத் தேர்ச்சி வேண்டியிருக்கிறது. சம்பளமும் அந்தக் கணக்கில் இருக்க வேண்டும். ஒரே ராத்திரியில் நாலைந்து ஓங்கிய அடியை வாங்கிக்கொண்டு கையில் நோட்டைத் திணித்து அனுப்புகிற பழக்கம் எங்கள் தொழிலில் இருக்கிறது. எங்களுக்குள்ளேயே நாங்கள் அதை நிறுத்த வேண்டும்.

இதைத் தனிக் கம்பெனிகள் செய்யும் என்று காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. டிரம் செட் உலகம் முழுக்க விற்கும், உறுமி விற்காது. சர்க்காரிடம் எல்லாம் இருக்கிறது. சென்னை, மதுரை, கோவை, திருவையாறு என்று நான்கு இடத்தில் அரசு இசைக் கல்லூரிகள். மாவட்டங்களில் அரசு இசைப் பள்ளிகள். அங்கே தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் ஆசிரியர்கள் சம்பளத்தில் இருக்கிறார்கள். மேலே ஒரு இசைப் பல்கலைக்கழகம், பக்கத்தில் இயல் இசை நாடக மன்றம். இல்லாதது சத்தம் புகாத ஒரு அறை, இரண்டு நல்ல மைக், அடுக்கத் தெரிந்த நாலு பிள்ளைகள். ஒரு அரசு விழாப் பந்தலுக்கு ஆகும் செலவில் இதை முடிக்கலாம் என்பது என் துணிபு. பதிந்ததை சாலமாண்டர் பியானோவைப் போல எல்லோருக்கும் திறந்து வைக்கலாம். வணிகத்துக்குப் பயன்படுத்துகிறவர்களிடம் கட்டணம் வாங்கிக் கலைஞருக்குக் கொடுக்கலாம். இரண்டு வழியும் நடைமுறைக்கு வரக்கூடியவைதான். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.

மிடியின் இரண்டாம் பதிப்பு 2020-ல் வந்துவிட்டது. வெலாசிட்டிக்கு அதில் 127 எண்கள் என்ற எல்லை போய் 65,536 படிகள் வந்திருக்கின்றன. அத்தனை படிகளிலும் ஓங்கிய அடி ஒன்றையே வைத்து ஏற்றி இறக்கப்போகிறோமா? இசைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தருக்கும் கலை பண்பாட்டுத் துறைக்கும் என் வேண்டுகோள் இது: பெரிய திட்டம், குழு, அறிக்கை என்று எதுவும் வேண்டாம். ஒரே ஒரு தவில் ஆசிரியரையும் ஒரே ஒரு அறையையும் ஒதுக்குங்கள். அடுக்கிக் கொடுக்க என்னைப் போன்ற பத்துப் பேர் சம்பளம் இல்லாமல் வருவோம். வாசிக்கிறவருக்கு மட்டும் ஒழுங்காகச் சம்பளம் கொடுங்கள். இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.